மாட்டுக்குப் பல் பார்க்கிறோம், போனுக்கு?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டில் ஒரு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மேடை ஏறிப் பேசுவது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை பேசினது ஆறாவது படிக்கும்போது, சுதந்திர தினத்துக்கு. அன்னைக்குப் பாதியில் மறந்துபோய் அழுதுட்டு இறங்கினேன். இன்னைக்கு அப்படி ஆகாதுன்னு நினைக்கிறேன், ஏன்னா எழுதி வச்சிருக்கேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் தொழில்நுட்பமும்". தலைவி அக்கா மன்னிக்கணும், அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது. கையில் வச்சிருக்கிற போனை எப்படிப் பார்த்து வாங்குறது என்கிறது மட்டும் பேசுறேன். அதில் நான் ஒரு தடவை நல்லா ஏமாந்திருக்கேன். அதனால் பேசத் தகுதி இருக்கு.

முதலில் ஒரு கேள்வி. ஆண்ட்ராய்டு போன் தன் சொந்தக் கையில், தன் பேரில் உள்ள சிம்மோடு வச்சிருக்கிறவங்க கை தூக்குங்க. பார்த்தீங்களா, பாதிக்கும் கம்மி. மீதிப் பேர் வீட்டில் போன் இருக்கு, ஆனா அது வீட்டுக்காரர் போன், இல்லேன்னா பையன் போன், இல்லேன்னா அவங்க வேண்டாம்னு போட்ட பழைய போன். தண்ணி குடத்தையும் விறகையும்தான் நமக்குப் புதுசா தருவாங்க போல.

போன் இன்னைக்கு ஆடம்பரம் இல்லை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வர ஆரம்பிச்சதில் இருந்து மாசம் 1,000 ரூபாய் விழுந்துச்சான்னு மெசேஜ் பார்க்கணும். சிலிண்டர் பதிவு பண்ணணும், கொண்டு வர்றவர் கேட்கிற நம்பரைச் சொல்லணும். ரேஷன் கார்டுக்கு ஓடிபி. பிள்ளைங்க பள்ளிக்கூடத்தில் வாட்ஸ்அப் குரூப். நூறு நாள் வேலைக்குப் போனப்போ ரெண்டு வேளையும் போட்டோ எடுத்துத்தான் வருகை ஏத்தினாங்க. நம்ம பக்கத்து அக்காமார் விடியக்காலம் மல்லி பறிச்சு முடிக்கிறதுக்குள்ள நிலக்கோட்டை மார்க்கெட்டில் இன்னைக்குக் கிலோ என்ன விலைன்னு போனில் வந்துடுது. முகூர்த்த நாளில் காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. தெரியாமப் போனா அவன் சொல்றதுதான் கணக்கு.

எனக்கும் அப்படித்தான். முன்னாடி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவங்க துணியைக் கொண்டு வந்து, கழுத்து இப்படி, கை அப்படின்னு வாயால சொல்லுவாங்க. இப்போ டிசைன் படம் அனுப்புறாங்க. ஆரி வேலை முடிச்சதை நான் படம் எடுத்து அனுப்பினா, அதைப் பார்த்து அடுத்த ஆர்டர் வருது. வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிடுவார். ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுவார். ஆர்டர் கொடுத்தவங்க அதுக்குள்ள வேற ஆளைப் பார்த்துடுவாங்க.

அதனால் 2023 தீபாவளிக்கு எனக்குன்னு ஒரு போன் வாங்கலாம்னு டவுனுக்குப் போனேன். கடை பேர் சொல்லலை, அது வேண்டாம். வாசலில் பலூன், மைக்கில் பாட்டு, "வட்டி இல்லை, ஆதாரும் பாஸ்புக்கும் போதும்"னு பெரிய போர்டு. உள்ளே ஒரு பையன், "அக்கா வாங்க அக்கா, உக்காருங்க அக்கா"ன்னு கூல் டிரிங்ஸ் கொடுத்தான். நம்மளை அவ்வளவு மரியாதையா நாற்காலி போட்டு உட்கார வச்சது எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான். அதிலேயே பாதி விழுந்துட்டேன்.

அவன் ஒரு போனை எடுத்து, "எட்டு ஜிபி அக்கா, மூணு கேமரா அக்கா, ராக்கெட் மாதிரி ஓடும்"னான். நான் பார்த்தது என்ன தெரியுமா? கலர். மயில் கழுத்துக் கலர். விலை 9,500. முன்பணம் 1,500 கட்டினேன். நடைமுறைக் கட்டணம்னு 450. மீதிக்கு மாசம் 1,120 வீதம் ஒன்பது மாசம். கையெழுத்து எங்கே எங்கேன்னு காட்டினான், போட்டேன். ஒரு வரி படிக்கலை. குழுவில் தீர்மான நோட்டில் ஒரு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நாலு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்ற ஆள் நான்.

வட்டி இல்லைன்னு போர்டு. கூட்டிப் பாருங்க. ஒன்பது தவணை 10,080, முன்பணம் 1,500, கட்டணம் 450, மொத்தம் 12,030. போன் விலை 9,500. மீதி 2,530 எங்கே போச்சு? நான் கடனா வாங்கினது 8,000 ரூபாய்தான். அதே 8,000-ஐ நம்ம குழுவில் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு உள்கடனா வாங்கி ஒன்பது மாசத்தில் கட்டியிருந்தா மொத்த வட்டி 400 ரூபாய். அந்த 400-ம் நம்ம பெட்டிக்கே வந்திருக்கும். இந்தக் கணக்கை நான் அன்னைக்குப் போடலை. ஒரு வருஷம் கழிச்சுப் போட்டேன்.

குழுவில் ஏன் கேட்கலைன்னு நீங்க நினைப்பீங்க. வெட்கம்தான். போனுக்குப் போய்க் கடன் கேட்கிறாளேன்னு சொல்லுவாங்கன்னு பயம். வெளியில வாங்கினா யாருக்கும் தெரியாதுல்ல.

தை மாசம் வீட்டுக்காரருக்கு வண்டி ஓடலை. 5-ஆம் தேதி என் கணக்கில் தவணைக்குப் பணம் இல்லை. திரும்பிடுச்சு. கடன் கொடுத்தவங்க அதுக்கு 500 போட்டாங்க. பேங்க் 295 போட்டது. 15-ஆம் தேதி உரிமைத்தொகை 1,000 விழுந்துச்சு, அதில் பேங்க் தன் 295-ஐப் பிடிச்சுக்கிச்சு. எனக்கு அரசாங்கம் கொடுத்த காசு, நான் ஒரு போன் வாங்கின பாவத்துக்குப் போச்சு. அடுத்த மாசமும் அதே கதை. ரெண்டு தடவைக்குச் சேர்த்து 1,590. ஆக 9,500 ரூபாய் போனுக்கு நான் கொடுத்தது 13,620.

அதுகூடப் பரவாயில்லை. ரெண்டாவது தடவை தவணை தவறினதும் போனைப் பூட்டிட்டாங்க. இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது. காலையில எடுத்துப் பார்த்தா திரை முழுக்கப் பணம் கட்டச் சொல்லி எழுத்து, வேற எதுவும் திறக்கலை. எங்கேயோ இருந்துக்கிட்டு நம்ம கையில் உள்ள போனைப் பூட்டுற ஏற்பாடு அந்தப் போனிலேயே வச்சிருக்காங்க, நான் கையெழுத்துப் போட்ட தாளில் அதுவும் இருந்திருக்கு. நாலு நாள் பூட்டிக் கிடந்துச்சு. பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வீடு. பொண்ணுக்கும் சொந்தக்காரங்களுக்கும் சேர்த்துப் பதினாலு ஜாக்கெட், அதில் மூணு ஆரி வேலை. பேசி வச்சிருந்தேன், டிசைன் அனுப்புறோம்னு சொல்லியிருந்தாங்க. அனுப்பியும் இருக்காங்க. போன் பண்ணியும் இருக்காங்க. நான் எடுக்கலை. வேற தையல்காரம்மாகிட்டக் கொடுத்துட்டாங்க. அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வச்சிருந்தாங்க. போய் மொய் வச்சிட்டு, பொண்ணு போட்டிருந்த ஜாக்கெட் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். தையல் நல்லாத்தான் இருந்துச்சு.

குழுவில் ரெண்டு மாசம் சந்தா 200 கட்டலை. வீட்டுக்காரருக்கு வேலை இல்லைன்னு சொன்னேன். அது பாதி உண்மை. எங்க ஊக்குநர் அக்கா சாயந்தரம் வீட்டுக்கு வந்து, அடுப்படியில உட்கார்ந்து, வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "என்னடி நடக்குது?"ன்னு கேட்டாங்க. வெங்காயத்து மேல பழியைப் போட்டுட்டு அழுதேன். எல்லாம் சொன்னேன். அக்கா திட்டலை. "நம்ம பெட்டில 60,000 ரூபா தூங்குது. நீ 8,000-க்கு வெளிய போய்க் கை நீட்டியிருக்க. அப்ப நாங்க எதுக்கு?"ன்னாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அந்தப் போனும் எட்டு மாசத்திலேயே தத்தளிக்க ஆரம்பிச்சது. படம் வந்தா "இடம் இல்லை"ன்னு சொல்லும். வாட்ஸ்அப்பைத் தொட்டா, அது யோசிச்சு யோசிச்சுத் திறக்கிறதுக்குள்ள நான் ஒரு கொக்கி தைச்சிடுவேன். எட்டு ஜிபி ராக்கெட் ஏன் இப்படி நொண்டுதுன்னு, செல்போன் ரிப்பேர் கடையில வேலை பார்க்கிற என் கொழுந்தனார் மகன்கிட்டக் கொண்டு போனேன். அவன் சிரிச்சான். "இது எட்டு இல்ல. நாலு. மீதி நாலு சும்மா"ன்னான்.

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நம்மளை அதிகம் ஏமாத்துற இடம் இதுதான். போனில் ரெண்டு விதமான ஜிபி இருக்கு. ஒண்ணு ராம். இன்னொண்ணு ஸ்டோரேஜ். என் தொழிலை வச்சுச் சொல்றேன். ஸ்டோரேஜ் என்கிறது பீரோ. துணியெல்லாம் மடிச்சு வைக்கிற இடம். போட்டோ, வீடியோ, ஆப் எல்லாம் அங்கேதான் இருக்கும். ராம் என்கிறது துணி விரிச்சு வெட்டுற மேசை. மேசை பெருசா இருந்தா துணி, அளவு ஜாக்கெட், கத்தரி, நூல்கண்டு எல்லாத்தையும் பக்கத்தில் வச்சுக்கிட்டு வேலை ஓடும். சின்னதா இருந்தா ஒண்ணை எடுக்க இன்னொண்ணை மடக்கி வைக்கணும். அதுதான் போன் "யோசிக்கிறது".

கடைக்காரன் "எட்டு ஜிபி"ன்னு சொல்றதும், அட்டைப் பெட்டியில் பெருசா போட்டிருக்கிறதும் நாலு கூட்டல் நாலு. முதல் நாலு நிஜ மேசை. ரெண்டாவது நாலு, பீரோவில் ஒரு தட்டை உருவி மேசை மாதிரி போட்டுக்கிறது. அதில் வேலை மெதுவாத்தான் நடக்கும், பீரோவிலும் இடம் போச்சு. பெட்டியில் பொடி எழுத்தில் இது இருக்கும். அதனால் "ராம் எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க. "கூட்டிச் சொல்லாம, நிஜ ராம் எவ்வளவு?"ன்னு கேளுங்க. இப்படிக் கேட்டாலே எதிரில் நிக்கிற பையன் நிமிர்ந்து பார்ப்பான்.

ஸ்டோரேஜ் 64-ன்னு எழுதியிருந்தா அதில் கம்பெனியே ஏத்தி வச்சது போக நமக்கு 45 சொச்சம்தான் கிடைக்கும். குழு குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்பு, காலை வணக்கம் ரோஜாப்பூ, பிள்ளைங்க கேம் எல்லாம் சேர்ந்தா ஒரு வருஷம் தாங்காது. மெமரி கார்டு போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க. போட்டோவை அதில் வைக்கலாம், சரி. ஆப்பெல்லாம் பெரும்பாலும் உள் இடத்தில்தான் உட்காரும். சில போனில் கார்டு போட்டா ரெண்டாவது சிம் போட முடியாது, ரெண்டுக்கும் ஒரே குழி. அதனால் என் கணக்கு: வேலைக்குப் பயன்படுத்துறவங்க ராம் 6, ஸ்டோரேஜ் 128-க்குக் கீழே போக வேண்டாம். பேச, வாட்ஸ்அப் பார்க்க மட்டும்னா 4-ம் 64-ம் போதும், ஆனா அதுக்கு நான் கொடுத்த விலை கொடுக்கக் கூடாது.

கடன் தீர்ந்து, 2025-இல் ரெண்டாவது போன் வாங்கணும்னு வந்தப்போ, இந்தத் தடவை குழுவில் கேட்டேன். 10,000 ரூபாய் உள்கடன். எங்க குழுவில் ஒரு பெரியம்மா இருக்காங்க, வாய் ரொம்பச் சுத்தம், மனசில பட்டதைச் சொல்லிடுவாங்க. "மாடு வாங்கக் கடன் கொடுத்தோம், மிஷின் வாங்கக் கொடுத்தோம். போனுக்கெல்லாமா கடன்? நாளைக்கு ஒருத்தி பவுடர் டப்பாவுக்குக் கேட்பா"ன்னாங்க. ரெண்டு மூணு பேர் தலையை ஆட்டினாங்க. எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா அந்த மாசம் நான் ஒரு வேலை செஞ்சிருந்தேன். தைக்கிற நோட்டில் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் பக்கத்தில் எப்படி வந்த ஆர்டர்னு எழுதி வச்சிருந்தேன். 31 ஜாக்கெட். அதில் 19 போன் மூலமா வந்தது. நோட்டை நடுவில் வச்சேன். பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனா கணக்கு வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. "அப்ப இதுவும் மிஷின்தான்"னு சொல்லிட்டாங்க. தீர்மானம் எழுதினோம்.

10,000 கடன், மாசம் 1,000 வீதம் பத்து மாசம். முதல் மாச வட்டி 100, அடுத்து 90, 80-ன்னு குறைஞ்சு மொத்தம் 550. கையில் இருந்த சேமிப்பு 3,499. போன் 13,499. இவ்வளவுதான் நமக்கு நடுத்தர விலை. டவுனில் இருக்கிறவங்க இருபது, முப்பதாயிரத்தை நடுத்தரம்னு சொல்லுவாங்க, அது அவங்க நடு. சாம்சங், விவோ, ஓப்போ, ரெட்மி, ரியல்மி, மோட்டோ, லாவான்னு எல்லாரும் நம்ம விலைக்கு ஒண்ணு வச்சிருக்காங்க. எது நல்லதுன்னு மேடையில் மாடல் பேர் சொன்னா பிரயோஜனம் இல்லை. தீபாவளிக்கு வர்றது பொங்கலுக்குக் கடையில் இருக்காது.

தனியா போகலை. நானும், ஊக்குநர் அக்காவும், எதிர்ப்புச் சொன்ன அதே பெரியம்மாவும் போனோம். "என் காசும் அதுல இருக்குல்ல"ன்னு அவங்களாவே வந்து பஸ்ஸில் ஏறிட்டாங்க.

சந்தையில் மாடு பிடிக்கும்போது என்ன செய்யறோம்? பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம், கறந்து காட்டச் சொல்றோம். கொம்பில் பெயின்ட் அடிச்சிருக்குன்னு யாரும் விலை கூடக் கொடுக்கிறதில்லை. போன் கடையில மட்டும் கொம்பையே பார்த்துட்டு வந்துடுறோம்.

நான் ரெண்டு துணித்துண்டு பையில் கொண்டு போனேன். அரக்கு ஒண்ணு, மாம்பழ மஞ்சள் ஒண்ணு. ஒவ்வொரு போனிலும் அதைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரு போனில் அரக்கு ரத்தச் சிவப்பா தெரிஞ்சது. அதில் படம் எடுத்து அனுப்பினா நாளைக்கு "நீ காட்டின கலர் இது இல்லையே"ன்னு சண்டை வரும். கேமரா எத்தனை கண்ணுன்னு எண்ணாதீங்க. இந்த விலையில் மூணு கண்ணு இருந்தா ஒண்ணுதான் வேலை செய்யும், மத்தது ரெண்டும் பெரும்பாலும் 2 மெகாபிக்சல் பொம்மைக் கண்ணு. திருஷ்டிக்கு வச்ச மாதிரி. ட்யூப் லைட்டுக்குக் கீழே மட்டும் எடுக்காம, கொஞ்சம் இருட்டான மூலையிலும் ஒண்ணு எடுத்துப் பாருங்க.

என் சிம்மைக் கழட்டிப் போட்டு வீட்டுக்குப் பேசினேன். சத்தம் கேட்குதா, ஸ்பீக்கர் போட்டா மிஷின் ஓடுற சத்தத்துக்கு மேலே காதில் விழுமான்னு பார்த்தேன். இதில் பெரியம்மா செஞ்சதுதான் பெரிசு. ஒரு போனை வாங்கி, புடவைத் தலைப்பால் துடைச்சு, விறுவிறுன்னு வாசலுக்குப் போய் வெயில்ல நின்னுட்டாங்க. கடைப் பையன் திருடிட்டுப் போறாங்களோன்னு பின்னாடியே ஓடினான். "இங்க ஒண்ணும் தெரியலையே தம்பி, கறுப்பா இருக்கு"ன்னாங்க. நிஜமாவே தெரியலை. மல்லிக்காட்டில் நிக்கிறவங்க அந்தப் போனை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ்னு அவன் சொன்னது எங்களுக்கு வேண்டாம். வெயிலில் தெரியுதா, அது போதும். மூணு போனை வெயிலில் வச்சுப் பார்த்து ஒண்ணைக் கழிச்சோம். சேலையை வெளியே வெளிச்சத்தில் கொண்டு போய்ப் பார்க்கிறது நமக்குத் தெரியாதா? தெரியும். போன்னதும் நமக்கு எல்லாம் மறந்துபோகுது.

பேட்டரியில் 5000 எம்ஏஹெச் இருக்கான்னு பார்த்தா போதும், இப்போ பெரும்பாலும் அவ்வளவு வருது. ஆனா பெட்டிக்குள்ள சார்ஜர் இருக்கான்னு கேளுங்க. சில கம்பெனி வயர் மட்டும் வைக்குது. சார்ஜர் தனியா வாங்கினா அது ஒரு தனிச் செலவு. எத்தனை வாட்டுன்னும் பாருங்க. நம்ம ஊரில் கரண்டு வர்ற ஒரு மணி நேரத்தில் 10 வாட்டு சார்ஜர் பாதிகூட ஏத்தாது.

5ஜி வேணுமான்னு கேட்கிறாங்க. ஜியோவும் ஏர்டெல்லும் 2022 அக்டோபரில் 5ஜி ஆரம்பிச்சாங்க. 5ஜி போனில் 4ஜியும் ஓடும். நாலு வருஷம் வச்சிருக்கப் போறோம்னா 5ஜியே வாங்கிடலாம், விலை வித்தியாசம் இப்போ அதிகம் இல்லை. ஆனா ராமைக் குறைச்சு 5ஜி வாங்காதீங்க. சிம் எதுங்கிறதைப் பக்கத்து வீட்டில் கேளுங்க. எங்க தெருவில் ஒரு கம்பெனி சிக்னல் மாடிப்படியில நின்னாத்தான் வரும்.

இன்னொண்ணு, யாரும் கேட்காத கேள்வி: "எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பாங்க?" திருட்டு ஆப்புகள் உள்ளே வராம இருக்க கம்பெனி அப்பப்போ பூட்டைப் புதுசு பண்ணிக் கொடுக்கும், அதுதான் அப்டேட். சில போனுக்கு ரெண்டு வருஷம், சிலதுக்கு நாலு, ஆறு வருஷம்கூடச் சொல்றாங்க. அது நின்னு போன் ரொம்பப் பழசாயிட்டா, பேங்க் ஆப்பு ஒரு கட்டத்தில் "இந்தப் போனில் ஓடமாட்டேன்"னு சொல்லலாம். விலை ஐநூறு கூடினாலும் அப்டேட் கூட வர்றதை எடுக்கலாம் என்கிறது என் அபிப்பிராயம். ரிப்பேர் வந்தா சர்வீஸ் சென்டர் எங்கேன்னும் கேளுங்க. எனக்கு திண்டுக்கல்னு சொன்னாங்க, சரின்னேன். மதுரையைத் தாண்டி இருந்தா வேண்டாம்.

பில்லுக்கு வர்றேன். "பில் வேண்டாம்னா 500 குறைச்சுத் தர்றேன்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது விலைக்குள்ளேயே இருக்கு. பில்லில் நம்ம பேர் இருக்கணும், ஐஎம்இஐ நம்பர் இருக்கணும். போனில் ஸ்டார், ஆஷ், 06, ஆஷ்னு அழுத்தினா பதினைஞ்சு இலக்க நம்பர் வரும். பெட்டியில் உள்ளதும், பில்லில் உள்ளதும், திரையில் வந்ததும் ஒண்ணா இருக்கான்னு கடையிலேயே ஒத்துப் பாருங்க. போன் தொலைஞ்சா அந்த நம்பரை வச்சுத்தான் அதை யாரும் பயன்படுத்த முடியாம முடக்க முடியும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த வசதி இருக்கு, போலீஸ் புகார் நகல் வேணும்.

பழைய போன் வாங்குறவங்க இதை இன்னும் கவனமா கேளுங்க. கேஒய்எம்-னு ஆங்கிலத்தில் மூணு எழுத்து, ஒரு இடம் விட்டு அந்தப் பதினைஞ்சு இலக்க நம்பரை அடிச்சு 14422-க்கு மெசேஜ் அனுப்புங்க. எந்தக் கம்பெனி, எந்த மாடல், நல்ல நம்பரா, முடக்கப்பட்ட நம்பரான்னு பதில் வரும். திருட்டுப் போனை 3,000-க்கு வாங்கிட்டு ஸ்டேஷன் படி ஏற வேண்டாம். விற்கிறவங்ககிட்டப் பழைய பில்லையும் கேட்டு வாங்குங்க.

கடைக்காரர் சரியா நடந்துக்கலைன்னா 1915-க்கு நுகர்வோர் உதவிக்குப் பேசலாம். பணம் போனில் திருடு போச்சுன்னா 1930, அதுவும் உடனே. இந்த ரெண்டு நம்பரையும் இந்த மலரின் ஓரத்தில் எழுதி வச்சுக்குங்க.

தவணையில் வாங்கவே கூடாதான்னு ஒரு தங்கச்சி காலையிலேயே கேட்டாள். கூடாதுன்னு நான் எப்படிச் சொல்ல? குழுவில் பணம் இல்லாத மாசம் இருக்கும், வழி இல்லாம இருக்கும். அப்போ ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "ரொக்கமா இப்பவே எண்ணி வச்சா எவ்வளவு?" அந்தத் தொகையையும், முன்பணம், கட்டணம், தவணை எல்லாம் கூட்டின தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்க. இடையில இருக்கிறதுதான் வட்டி, போர்டில் என்ன எழுதியிருந்தாலும். தவணை பிடிக்கிற கணக்கும் உரிமைத்தொகை விழுற கணக்கும் ஒண்ணா இருக்க வேண்டாம். தவறினா போனைப் பூட்டுவீங்களான்னு வாய்விட்டுக் கேளுங்க.

போன் வாங்கின அன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்க வீட்டில் அதுக்குத்தான் கொஞ்சம் சத்தம் வந்துச்சு. என் பேங்க் கணக்கில் இருந்தது வீட்டுக்காரர் நம்பர். ரேஷன் கார்டிலும் அவர் நம்பர், சிலிண்டருக்கும் அவர் நம்பர். என் பேரில் சிம் வாங்கி, பேங்கில் போய் நம்பரை மாத்தினேன். "ஏன், நான் என்ன எடுத்துக்கிட்டா ஓடிடப் போறேன்?"னு கேட்டார். "நீங்க ஓட மாட்டீங்க. லாரிதான் ஓடுது. ஓடிபி அதுல போயிடுது"ன்னேன். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் சேலத்தில் இருந்து போன் பண்ணி, "சிலிண்டர் வந்துச்சா?"ன்னு கேட்டார். நம்பர் சொல்லி வாங்கிட்டேன்னேன். அதுக்கு முன்னாடி அவர் ஊரில் இல்லைன்னா சிலிண்டர்காரர் திரும்பிப் போயிடுவார்.

பெரியம்மா கதை ஒண்ணு பாக்கி இருக்கு. நான் வாங்கின மூணாம் மாசம் அவங்களும் குழுவில் 6,000 கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டோம். "பவுடர் டப்பாவுக்கு"ன்னாங்க. திருப்பூரில் பேரன் பிறந்திருக்கான், மூஞ்சியைப் பார்க்கணும். அவங்களுக்கு 4-ம் 64-ம் உள்ள போன், எழுத்தைப் பெருசாக்கி, மகன் படத்தைத் தொட்டா அவனுக்கே போகிற மாதிரி முன்னாடி வச்சுக் கொடுத்தோம். எழுதத் தெரியாததால் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினா அதுவே எழுதிக்கும்னு காட்டினேன். இப்போ எங்க குழு குரூப்பில் அதிகம் மெசேஜ் போடுறவங்க அவங்கதான். அதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லணும்.

நேரம் ஆயிடுச்சுன்னு செயலாளர் அக்கா மணிக்கட்டைக் காட்டுறாங்க. வர்ற வியாழக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் இருப்பேன். "இடம் இல்லை"ன்னு சொல்ற போனெல்லாம் கொண்டு வாங்க, எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாதுன்னு உட்கார்ந்து பார்ப்போம். போன் வாங்கப் போறவங்களும் வாங்க, கூட வர்றதுக்கு எங்க குழுவில் மூணு பேர் தயார். சார்ஜர் அவங்கவங்க கொண்டு வந்துடுங்க, அங்கே ஒரு பிளக்தான் இருக்கு.